யுத்த காலத்து அடுப்பு



யூபிலி மலர் என்றால் கோவில் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், மணி வாங்கிய ஆண்டும், கொடிமரம் நாட்டிய ஆண்டும் இடம்பெறுவது மரபு. அவை இம்மலரின் வேறு பக்கங்களில் முறையாகத் தரப்பட்டுள்ளன. ஆனால் கோவிலைத் தாங்கி நின்றவை குடும்பங்கள். பிறந்தவரையும் மணந்தவரையும் இறந்தவரையும் கோவில் ஏடுகள் குறித்து வைத்திருக்கின்றன. அவர்கள் வீட்டு அடுப்பு எந்த ஆண்டில் நன்றாக எரிந்தது, எந்த ஆண்டில் அரைகுறையாக எரிந்தது என்பதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நீக்கும் எண்ணத்துடன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் நாட்டுக் குடும்பங்கள் அரிசி விலையேற்றத்தையும் எரிபொருள் தட்டுப்பாட்டையும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இங்கே சுருக்கமாக எழுதப் புகுகிறோம்.

இது பழங்கதை மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபோது, அந்நாடு எங்கிருக்கிறது என்று அறியாத நம் தாய்மாரும் சூரியகாந்தி எண்ணெயின் விலையைக் கொண்டு அந்தப் போரை அறிந்தார்கள். நம் நாடு இறக்குமதி செய்துவந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் இரஷ்யாவிலிருந்தும் வந்ததே அதற்குக் காரணம். அவ்வாண்டிலேயே சமையல் எரிவாயு உருளையின் விலை சென்னையில் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. தொலைவில் நடக்கும் போர் நம் உலையைத் தொடும் என்ற உண்மையை நம் முன்னோர் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பட்டறிந்திருந்தார்கள்.

போர் உலைக்குள் வந்த விதம்

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டபோது, அது ஐரோப்பியரின் சண்டை என்றே நம் ஊர்களில் பேசிக்கொண்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் நிலைமை மாறிற்று. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-ல் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஏப்ரல் 5-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு அன்று காலையில், கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தோரும் வேலை பார்த்தோரும் நம் தென்கரை ஊர்களில் வீட்டுக்கொருவர் என்று சொல்லத்தக்க காலம் அது. அவ்வாண்டு அல்லேலூயா பாடிய நாவுகளில் எத்தனை நாவுகள் நடுங்கியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இரங்கூன் வீழ்ந்ததில் நமக்கு இரண்டு இழப்புகள் நேர்ந்தன. முதலாவது அரிசி. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் இலங்கையும் அந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. இரண்டாவது மண்ணெண்ணெய். பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளையும் சுத்திகரிப்பு ஆலையையும், ஜப்பானியர் கையில் சிக்காதபடி, பின்வாங்கிய ஆங்கிலேயரே 1942-ல் அழித்துவிட்டார்கள். உலையில் இடும் அரிசியும் விளக்கில் ஊற்றும் எண்ணெயும் ஒரே கரையிலிருந்து வந்தபடியால், அந்தக் கரை பறிபோனதும் இரண்டும் ஒருசேர நின்றன.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். பர்மாவில் பிழைக்கப் போயிருந்த இந்தியர் பல இலட்சம் பேர், அவர்களுள் தமிழர் ஏராளமானோர், காடும் மலையும் கடந்து கால்நடையாகவே திரும்பினார்கள். வழியில் மாண்டோர் பலர். வந்து சேர்ந்தவரை உறவினர் வீடுகள் ஏற்றுக்கொண்டன. மாதந்தோறும் மணியார்டர் வந்த வீடுகளில் அது நின்றுபோனது மட்டுமன்றி, பந்தியில் இலைகளும் கூடின.

பணம் பெருகிற்று, படி சுருங்கிற்று

தட்டுப்பாடு ஒரு காரணம் என்றால், பணப்பெருக்கம் மற்றொரு காரணம். இந்தியாவில் வாங்கிய போர்த் தளவாடங்களுக்கும் பொருள்களுக்கும் பிரிட்டன் உடனே பொருளாகவோ தங்கமாகவோ விலை தரவில்லை. இலண்டனில் நம் கணக்கில் ஸ்டெர்லிங் என்று எழுதி வைத்தது. அந்த எழுத்தை ஆதாரமாகக் கொண்டு இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டுகளை அச்சிட்டது. போர் தொடங்கியபோது ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்தபோது 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. பொருள் குறைந்து பணம் ஆறு மடங்கானால் விலை என்னாகும்? 1939 ஆகஸ்டு மாத மொத்த விலையை 100 என்று வைத்தால், 1943-44-ல் அது 230-க்கும் மேலே போயிற்று. இது அரசாங்கக் கணக்கு. கள்ளச்சந்தையின் விலை இதில் சேராது.

பணத்தின் உடலும் மெலிந்தது. 1940-ல் வெள்ளி ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கும் காகித நோட்டு வந்தது. 1943-ல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வெளிவந்தது. நம் மூத்தோர் அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்த விலையேற்றம் எல்லாரையும் ஒரேவிதமாகத் தாக்கவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். களத்தில் நெல்லாகக் கூலி பெற்றவன் ஓரளவு தப்பினான். காசாகக் கூலி பெற்றவன் அகப்பட்டுக்கொண்டான். விற்பதற்கு நெல் உள்ள மிராசுதாரருக்கு அது நல்ல காலம். மாதச் சம்பளக்காரரான பள்ளி ஆசிரியர், குமாஸ்தா, கோவிலை நம்பியிருந்த உபதேசியார், கோவில்பிள்ளை ஆகியோருக்கு அது சோதனைக் காலம். பத்து ரூபாய் அதே பத்து ரூபாய்தான். அது வாங்கிவந்த அரிசிதான் பாதியாயிற்று. உழைப்பவனுக்குத் தரும் கூலி அவனும் அவன் குடும்பமும் கண்ணியமாக வாழப் போதுமானதாக இருக்கவேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லும், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-லும் தம் சுற்றுமடல்களில் வற்புறுத்தியது இத்தகைய நிலையை எண்ணியே. இன்று அகவிலைப்படி என்றும் பஞ்சப்படி என்றும் நாம் வழங்கும் ஏற்பாடு, அப்போரின்போது அரசு ஊழியருக்கு உணவு விலையேற்றத்துக்கு ஈடாகத் தந்த படியிலிருந்து வளர்ந்தது. அது கிடைத்தவர் சிலர், கிடைக்காதவரே பலர்.

வங்காளம் கற்பித்த பாடம்

அந்தப் பாடத்தை மிகக் கொடூரமாகக் கற்றது வங்காளம். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அங்கே மாண்டவர் தொகையை அரசாங்க விசாரணைக் குழு 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் 30 இலட்சம் வரையில் கணக்கிடுகின்றனர். 1942 அக்டோபரில் அடித்த புயல், பர்மா அரிசியின் இழப்பு, ஜப்பானியர் கைப்பற்றாதபடி கரையோரப் படகுகளை அரசாங்கமே அகற்றிவிட்டது ஆகிய எல்லாம் சேர்ந்தன. ஆயினும் பேராசிரியர் அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட தம் நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். அந்த மாகாணத்தில் அரிசி அடியோடு இல்லாமற் போகவில்லை; வாங்கும் சக்தியே மக்களிடம் இல்லாமற் போயிற்று. கல்கத்தா நகரின் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மலிவு விலையில் அரிசி வழங்கப்பட்டது. நாட்டுப்புறத்துக் கூலியாளும் மீனவனும் சந்தையில் போட்டியிட்டுத் தோற்றார்கள். தான் பிடித்த மீனுக்கு ஈடாகக் கிடைத்த அரிசி நாளுக்கு நாள் குறைந்துவந்ததே மீனவனைக் கொன்றது.

விலைவாசி என்பதைச் சந்தைக்காரரின் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஒரு நாள் உழைப்பு எத்தனை பேர் பசியை ஆற்றும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

பங்கீட்டு அட்டை

பர்மா அரிசியை வங்காளத்தைப்போலவே இழந்த தென்னாட்டில் அத்தகைய பெருஞ்சாவு நேரவில்லை. மலபாரிலும் திருவிதாங்கூரின் சில பகுதிகளிலும் பசியும் கொள்ளைநோயும் பலரைக் கொண்டுபோயின என்பது மெய்யே. ஆயினும் சந்தையை அதன் போக்கில் விட்டுவிடாமல், அரசாங்கம் நெல்லைக் கொள்முதல் செய்து தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் முறை இங்கே நிலைபெற்றது. 1943-ல் கூடிய உணவுதானியக் கொள்கைக் குழு, பெரிய நகரங்களில் பங்கீடு வேண்டும் என்றும், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1943-44-ல் ரேஷன் கடைகள் பரவின. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் அந்நாளில் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் நகரம், நாட்டுப்புறம் என்று பாராமல் மக்கள் அனைவருக்கும் பங்கீடு விரிந்தது. சென்னையில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்போன்ற பண்டகசாலைகள் இவ்விநியோகத்தில் நன்கு உதவின.

குறைகள் இல்லாமலில்லை. கல்லும் உமியும் கலந்த அரிசி, புழுத்த அரிசி, வரிசையில் நின்றும் தீர்ந்துபோன சரக்கு, எடைக்குறைவு என்று அக்காலத்தவர் மனம் கசந்து பேசுவதுண்டு. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை தந்தபோது அதை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சினவர்களும் உண்டு. போர் ஓய்ந்த பின்னும் துன்பம் ஓயவில்லை. 1946-ல் நாளொன்றுக்கு ஒரு இராத்தல் என்றிருந்த அளவு 12 அவுன்சாக, அதாவது முக்கால் இராத்தலாகக் குறைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1952 ஜூன் மாதத்தில்தான் அரிசிப் பங்கீடு எடுபட்டது. எனினும் அந்த அட்டைக்கு ஒரு சிறப்பு இருந்தது. செல்வன் வீட்டுக் குழந்தைக்கும் கூலியாள் வீட்டுக் குழந்தைக்கும் ஒரே படியில் அளக்கவேண்டும் என்ற நீதியை அது எழுத்தில் வைத்தது.

வீடுகள் கைக்கொண்ட வழிகள்

அரசாங்கம் அளந்தது போக, மீதி நாள்களை ஓட்டியவர்கள் தாய்மார்கள். அவர்கள் கைக்கொண்ட வழிகளைக் கேட்டறிந்த அளவில் தருகிறோம்.

முதலாவது, அவர்கள் வரவைப் படிக்கணக்கில் கணக்கிட்டார்கள். கையில் வந்த கூலியை இத்தனை ரூபாய் என்று எண்ணாமல், இத்தனை படி அரிசி என்று எண்ணி, அதை நாள்களால் வகுத்தார்கள். விலை மாறும்போது ரூபாய்க் கணக்கு ஏமாற்றும், படிக்கணக்கு ஏமாற்றாது. எழுத்தறியாத பெண்கள் செய்த இந்தக் கணக்கைத்தான் பொருளாதாரம் கற்றோர் மெய்வருமானம் என்கிறார்கள்.

இரண்டாவது, அரிசியை மட்டும் நம்பாமல் நிலத்துக்கேற்ற தானியத்துக்குத் திரும்பினார்கள். கம்பும் கேழ்வரகும் சோளமும் வரகும் சாமையும் உலையேறின. திருவிதாங்கூர்ப் பகுதியில் மரவள்ளிக்கிழங்கு உயிர்காத்தது. சர்க்கரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது கருப்பட்டி கைகொடுத்தது. பனங்கிழங்கும் முருங்கைக் கீரையும் காசில்லாமல் கிடைத்தன. வடித்த கஞ்சியைக் கீழே கொட்டுவது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அதிக உணவு பயிரிடுங்கள் என்று அரசாங்கம் இயக்கம் நடத்தியபோது, வீட்டுக் கொல்லைகளிலும் பாத்திகள் தோன்றின.

மூன்றாவது எரிபொருள். மண்ணெண்ணெய்க்கும் அட்டை வந்தபின், பொழுது சாயுமுன் சமைத்து உண்டு முடித்தார்கள். புன்னைக்காய் எண்ணெயும் இலுப்பை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மீண்டும் அகலுக்கு வந்தன. ஒரே விளக்கின் கீழ் பிள்ளைகள் படித்தார்கள். அதே விளக்கின் கீழ் குடும்ப செபமாலையும் நடந்தது. சுள்ளி, பனைமட்டை, வறட்டி, உமி ஆகியவை விறகின் குறையைத் தீர்த்தன. பெட்ரோல் 1941-லேயே கட்டுப்பாட்டுக்குள் வந்தபடியால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. முதுகில் கரி உலையைச் சுமந்த அந்தக் கரி பஸ், மேட்டில் ஏறமுடியாமல் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளுவது வாடிக்கை. ஆகவே சந்தைக்கு நடந்தே போய்வந்தார்கள்.

நான்காவது, சடங்குச் செலவைச் சுருக்கினார்கள். கட்டுப்பாட்டுத் துணியில் மணப்பெண்ணுக்குச் சேலை எடுத்தார்கள். விருந்தினர் தொகைக்கு வரம்பு விதித்து நாட்டின் பல பகுதிகளில் ஆணைகள் வந்தன. அவை பல தகப்பன்மாருக்கு நல்ல சாக்காகவும் அமைந்தன. தவக்கால ஒருசந்தி, சுத்தபோசன விதிகளைத் தளர்த்த ஆயர்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் 1941 டிசம்பரில் அனுமதி தரப்பட்டது. ஆண்டு முழுவதும் ஒருசந்தியாக இருந்தவர்களின் நிலையைத் திருச்சபை தாயுள்ளத்தோடு அறிந்திருந்தது.

ஐந்தாவதும் தலையாயதும் கடனைப் பற்றியது. சென்னை அரசாங்கம் பணித்ததற்கிணங்கப் பொருளியல் அறிஞர் நாராயணசாமி நாயுடு கிராமக் கடன் பற்றி ஆராய்ந்து 1946-ல் அறிக்கை அளித்தார். போர்க்காலத்தில் கிராமங்களின் கடன்சுமை மொத்தத்தில் குறைந்திருந்தது என்றும், பெரிய நிலக்காரரின் கடன் நன்கு குறைந்தது என்றும், நிலமற்ற கூலியாளின் கடனோ கூடிவிட்டது என்றும் அதிலிருந்து அறிகிறோம். நெல்லை விற்றவன் விலையேற்றத்தால் கடனைத் தீர்த்தான். நெல்லை வாங்கியவன் அதே விலையேற்றத்தால் கடனில் விழுந்தான். சோற்றுக்காக வாங்கும் கடன், சோறு உண்டபின்னும் வட்டியாக உயிர்வாழும். தாலிக்கொடியையும் காதோலையையும் ஆரம்பத்திலேயே விற்றவர்கள் இரட்டை நட்டம் அடைந்தார்கள். ஏனெனில் போர் முடியும் தறுவாயில் பொன்னின் விலையும் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உணவைச் சுருக்கியேனும் கடனைத் தவிர்த்த குடும்பங்களே போருக்குப்பின் விரைவில் நிமிர்ந்தன என்று மூத்தோர் கூறுவர்.

சேமிப்பும் பதுக்கலும்

இந்த வரலாற்றில் நம் மனச்சாட்சியைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. வருங்காலத்துக்கு எடுத்துவைப்பது விவேகம். எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து நாட்டைக் காத்தார். ஆனால் தொடக்க நூலை மேலும் படித்தால், அதே தானியத்துக்காக மக்கள் முதலில் பணத்தையும், அடுத்துக் கால்நடையையும், முடிவில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்க நேர்ந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. களஞ்சியம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. எந்த விலைக்குத் திறக்கப்படுகிறது என்பதும் கடவுள் முன் கணக்கில் வரும்.

கி.பி. 368-ஐ ஒட்டிக் கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது புனித பெரிய பசிலியார், செல்வர்கள் தங்கள் களஞ்சியங்களைத் திறக்கும்வரை ஓயாமல் போதித்தார். தாமே நின்று ஏழைகளுக்கு உணவு பரிமாறினார். புனித அக்குவினா தோமையார் வேறொரு நுட்பமான கேள்வியை எழுப்பினார். தானியம் அரிதான ஊருக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுபோகிறான். பின்னால் இன்னும் பல வணிகர் வருவது அவனுக்குத் தெரியும். அதை அவன் சொல்லக் கடமைப்பட்டவனா? நீதி அவனை அவ்வளவுக்குக் கட்டாயப்படுத்தாது என்றும், ஆனால் அவன் சொல்வதும் விலையைக் குறைப்பதும் மேலான புண்ணியம் என்றும் தோமையார் விடை தந்தார்.

போர்க்காலத்தில் நம் நாட்டில் இரண்டு வகையினரும் இருந்தார்கள். நாளை விலை ஏறும் என்று இன்று கடையைப் பூட்டிய வணிகரும், அட்டையில் இல்லாத பெயர்களைச் சேர்த்து அரிசி வாங்கியவரும் ஒருபுறம். உலையில் இடும் அரிசியிலிருந்து நாளும் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைத்த தாய்மார் மறுபுறம். பிடி அரிசி என்ற அந்த வழக்கம் பஞ்சம் இல்லாத நாளில் கோவிலுக்குக் காணிக்கை. பஞ்ச நாளில் அண்டைவீட்டுக்கு உயிர். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோணியார் பெயரால் வழங்கிய அப்பமும், 1833-ல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பால் சபையைப்போன்ற சபைகளின் உதவியும் இதே வழியைச் சேர்ந்தவை.

சேமிப்பையும் பதுக்கலையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. நம் வீட்டுக்கு எத்தனை நாளுக்கு வேண்டும் என்று கேட்பது சேமிப்பு. பிறர் வீட்டில் இல்லாமற் போனால் நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பது பதுக்கல். சரக்கு வராது என்ற வதந்தி கேட்டவுடன் ஆளுக்கு நான்கு மூட்டை வாங்கினால் கடை உண்மையாகவே காலியாகும். அன்றாடக் கூலியில் ஒரு படி வாங்க வந்தவன் வெறுங்கையோடு திரும்புவான். நம் குடும்பத்தைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடேயே மற்றொரு குடும்பத்தின் உலையை நாம் கவிழ்த்துவிடக் கூடும்.

இன்றைய குடும்பங்களுக்கு

இன்றைக்கு நம் பங்கில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு உண்டு. அரசு தரும் விலையில்லா அரிசியும் உண்டு. ஆயினும் 1973-ல் மேற்காசியப் போரையொட்டிக் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானதையும், 1990-ல் வளைகுடாவில் மூண்ட நெருக்கடியில் அங்கே உழைத்த நம் பிள்ளைகள் உடுத்த துணியோடு திரும்பியதையும் நம்மில் பலர் கண்டோம். இனியும் அப்படிப்பட்ட காலம் வரலாம். அன்று பயன்பட்ட வழிகள் இன்றும் பயன்படும்: வரவை மாதச் சாமானாகக் கணக்கிடுவது, அன்றாடச் செலவுக்கு வட்டிக்கு வாங்காதிருப்பது, நகையை அடகு வைக்குமுன் செலவைச் சுருக்குவது, ஒரே பொருளை நம்பியிராமல் மாற்றுப் பொருளைப் பழகிக்கொள்வது, குழுவாகச் சேர்ந்து மொத்த விலையில் வாங்கிப் பகிர்ந்துகொள்வது. நம் அன்பியங்கள் இந்தக் கடைசி வழியை முயன்று பார்க்க ஏற்றவை. பிடி அரிசிச் சட்டியை நம் வீடுகளில் மீண்டும் வைப்பதும் இந்த யூபிலி ஆண்டின் நற்செயலாக அமையலாம்.

சாரிபாத்து ஊர் விதவை தன்னிடம் இருந்த கைப்பிடி மாவில் முதல் அடையை எலியாவுக்குக் கொடுத்தாள். அவள் பானையில் மாவு தீரவில்லை. நம் முன்னோரின் பானைகளும் அவ்வாறே தீராமல் இருந்தபடியால்தான் நாம் இன்று யூபிலி கொண்டாடுகிறோம். பெயர் எழுதப்படாத அந்தத் தாய்மார்களுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்கவும், போரில்லாத உலகை நம் பிள்ளைகள் காணவும், நம் பங்கில் எந்த வீட்டு அடுப்பும் அணையாதிருக்கவும் நம் பாதுகாவலரின் பரிந்துரையால் இறைவனை மன்றாடுவோம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!

பங்குத்தந்தை